வெறுங்கை நடை

எங்கள் பார்சல் ஆபீஸில் ஒரு பழக்கம் உண்டு. கண்ணாடி, மோட்டார், இரும்பு பீரோ என்று ஏடாகூடமான சரக்கு வந்தால் எடுத்த எடுப்பில் யாரும் அதைத் தொடமாட்டோம். முதலில் வெறுங்கையோடு ஒரு நடை. லாரியிலிருந்து இறக்கிவைக்கிற இடம் வரை, எங்கே படி, எங்கே தூண், எங்கே தரை வழுக்கும் என்று பார்த்துக்கொண்டே போய்த் திரும்ப வேண்டும். அப்புறம் பாதிச் சுமையோடு ஒரு நடை. மூன்றாவது தடவைதான் சரக்கு நகரும். இருபத்தாறு வருஷத்தில் என் கையிலிருந்து ஒரு கண்ணாடி விழுந்து உடைந்ததில்லை. இதைச் சொல்லிச் சொல்லியே என் வீட்டுக்காரியின் காதைப் புண்ணாக்கியிருக்கிறேன். இப்போது சொல்வதில்லை.

பக்கத்து வீட்டில் பெயிண்டர் குடும்பம். பக்கத்து வீடு என்றால் நடுவில் ஒரே சுவர். இந்தப் பக்கம் எங்கள் இரண்டு அறை, அந்தப் பக்கம் அவர்களுடைய இரண்டு அறை. வாசல்படியும் தண்ணீர்க் குழாயும் மொட்டைமாடிக்குப் போகிற படிக்கட்டும் பொது. வீட்டை எதிர்த்துக் கட்டிக்கொண்ட ஜோடி அது. இரண்டு பக்கத்தாரும் அன்றைக்கே கை கழுவிவிட்டார்கள். மூத்தது பெண், இரண்டரை வயசு. அது நடக்கிற நடையைப் பார்த்து நான்தான் தத்தக்கா என்று பெயர் வைத்தேன். பெற்றவர்களே அப்படித்தான் கூப்பிட்டார்கள். அதற்கடுத்து இரட்டைப் பையன்கள், ஏழு மாசம். ஒன்பது நிமிஷம் முந்திப் பிறந்தவன் பெருசு, பிந்தியவன் சிறுசு. பெயிண்டர் நாலு மாசத்துக்கு முன்னால் தூரத்து ஊரில் பெரிய கட்டட வேலை கிடைத்துப் போயிருந்தான். இரண்டு நாள் ரயில், நடுவில் ஒரு வண்டி மாற வேண்டும்.

திங்கட்கிழமை காலையில் மேஸ்திரியிடமிருந்து போன் வந்தது. சாரம் சரிந்து பெயிண்டர் மூன்றாவது மாடியிலிருந்து விழுந்திருக்கிறான். உயிருக்கு ஒன்றுமில்லை, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை, ஆபரேஷன் செய்ய வேண்டும்.

"ஒரு வாரம் நாங்க ஆள் மாத்தி ஆள் பாத்துக்கறோம்மா. அதுக்கு மேல முடியாது. ஒண்ணுக்கு ரெண்டுக்கு எல்லாத்துக்கும் ஒருத்தர் தூக்கிவிடணும். நீ வந்துதான் ஆகணும்" என்று மேஸ்திரி சொன்னது ஸ்பீக்கரில் எங்களுக்கும் கேட்டது.

பெயிண்டர் சம்சாரம் போனை வைத்துவிட்டு மடியிலிருந்த சிறுசுக்குப் பால் கொடுத்தபடியே உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அண்ணே, மூணையும் வச்சுக்கிட்டு நான் எப்படிண்ணே போறது?"

நான் கூடப் போயிருக்கலாம். அதை மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கே மேனேஜரிடம் அஞ்சு நாள் லீவு கேட்டேன். "தாராளமா போயிட்டு வாங்க. வந்தப்புறம் வேலை இருக்கான்னு மட்டும் என்கிட்ட கேக்காதீங்க" என்றார். ஐம்பத்திரண்டு வயசில் என்னை வேறு யார் வைத்துக்கொள்வார்கள்? வீட்டுக்கு வந்து, "லீவு இல்லையாம்மா" என்று மட்டும் சொன்னேன். அவள் "பரவாயில்லண்ணே" என்றாள். என் வீட்டுக்காரிக்கோ இழுப்பு. நாலு படி ஏறினாலே நெஞ்சு அடைத்துக்கொள்ளும். அவளைத் துணைக்கு அனுப்பினால் பார்த்துக்கொள்ள வேண்டிய ஆள் ஒன்று கூடும், அவ்வளவுதான்.

சனிக்கிழமை பகல் பதினொரு மணி வண்டிக்கு டிக்கெட் கிடைத்தது. ஒரே ஒரு பெர்த். குழந்தைகளுக்கு டிக்கெட் வேண்டாம் என்றார்கள்; இடமும் வேண்டாம் என்று அதற்கு அர்த்தம்.

திங்கட்கிழமை சாயங்காலமே நான் கையில் பேப்பரும் பென்சிலுமாக உட்கார்ந்துவிட்டேன். உபகாரம் செய்ய முடியாதவன் உபதேசம் செய்வான் என்பது சரிதான். அந்த வழியில் லாரி ஓட்டுகிற டிரைவரிடம் ஜங்ஷனைப் பற்றி விசாரித்து வைத்திருந்தேன்.

"இந்தா பாரும்மா. முதல் வண்டி ஒண்ணாம் பிளாட்பாரத்துல நிக்கும். அடுத்த வண்டி ஆறுல. நடுவுல பாலம் ஏறி இறங்கணும். ரெண்டு வண்டிக்கும் நடுவுல பதினஞ்சு நிமிஷம். லேட்டுக்கு அஞ்சு போயிடும். உன் கையில இருக்கறது பத்து நிமிஷம்."

"போர்ட்டர் இருக்கமாட்டாங்களாண்ணே?"

"விடியறதுக்கு முந்தி போய் இறங்கற. இருந்தா உன் அதிர்ஷ்டம். அதை நம்பி சரக்கு ஏத்த முடியாது."

"யாராச்சும் கூட வர்றவங்க ஒரு கை குடுக்கமாட்டாங்களா?"

"நூறு பேர் குடுப்பாங்க. நூத்தியொண்ணாவது ஆள் புள்ளயத் தூக்கிட்டுப் போயிடுவான்."

"வாயில நல்லதே வராதா உங்களுக்கு?" என்று என் வீட்டுக்காரி உள்ளேயிருந்து கத்தினாள். அவள் ஓட்டல்களுக்குப் பூண்டு உரித்துக் கொடுக்கிறவள். விடிந்தால் அடைந்தால் வாசல்படியில் முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எங்கள் வீட்டில் சோறு, துணி, தலையணை எல்லாம் பூண்டு வாசனைதான்.

அந்த வாரம் எனக்கு ராத்திரி ஷிப்ட், பகலெல்லாம் வீட்டில்தான். வாரம் முழுக்கப் புழுக்கம். மேகம் கட்டுவதும் இரண்டு தூறல் போட்டுவிட்டுக் கலைவதுமாக இருந்தது. துவைத்த துணி எதுவும் காயவில்லை. பெயிண்டர் சம்சாரம் பழைய பருத்திப் போர்வை இரண்டைக் கிழித்து, பிள்ளைகளுக்கு இடுப்பில் கட்ட நாற்பது துண்டு செய்தாள். அதை வீட்டுக்குள் கயிறு கட்டிக் காயப்போட்டிருந்தாள். குனிந்து குனிந்துதான் உள்ளே போக வேண்டும். தத்தக்காவுக்கு அது கொண்டாட்டம். ஒவ்வொரு துணிக்குப் பின்னாலும் போய் நின்று "என்னைக் காணோம்" என்று அவளே சொல்லுவாள்.

பையை நான் அடுக்கினேன். கடைசியில் வேண்டியது அடியில், முதலில் வேண்டியது மேலே. அடியில் பெயிண்டரின் இரண்டு செட் உடுப்பும் ஒரு லுங்கியும். அதன்மேல் ரப்பர் ஷீட், துணித் துண்டுகள், அழுக்குத் துணி போட இரண்டு பெரிய கவர். பால்பவுடர் டப்பா, பிளாஸ்க், காய்ச்சல் மருந்து, பிஸ்கட், ரொட்டி, அவித்த உருளைக்கிழங்கு. தத்தக்காவின் மூன்று கவுன், ஒரு ஜோடி செருப்பு, அவள் இல்லாமல் தூங்காத ஒரு கிழிந்த துண்டு. பையின் பக்கவாட்டில் பேக்கிங் நாடாவை மடித்து ஒரு வளையம் தைத்தேன். சிறுசை மார்போடு கட்டிக்கொள்ள வேண்டும். பெருசு இடது இடுப்பில். வலது கை படிக்கட்டுக் கம்பிக்கு. தத்தக்கா பிடித்துக்கொள்ள அம்மாவிடம் வேறு கை இல்லை. அதனால்தான் வளையம்.

செவ்வாய்க்கிழமை வெறுங்கை நடை. வாசலிலிருந்து தெருக்கோடி விளக்குக் கம்பம் வரை போய்த் திரும்பினால் பிளாட்பாரம். மொட்டைமாடிப் படிக்கட்டு பதினெட்டு. அதை இரண்டு தடவை ஏறி இறங்கினால் பாலம். அவளும் தத்தக்காவும் மட்டும் நடந்தார்கள். ஒன்பது நிமிஷம்.

"பாத்தியா? ஒரு நிமிஷம் மிச்சம்" என்றேன்.

"ஒண்ணுமே தூக்காமலேண்ணே" என்றாள் அவள்.

புதன்கிழமை பிள்ளைகளோடும் பையோடும். தெருவே வேடிக்கை பார்த்தது. மூன்றாவது படியில் தத்தக்கா உட்கார்ந்துகொண்டு எறும்பு பார்த்தாள். திரும்ப ஏறும்போது பெருசு வாந்தி எடுத்தான். பை தோளிலிருந்து நழுவியது. தூக்கிவிடக் கை இல்லாமல் பல்லால் வாரைக் கடித்து இழுத்தாள். பத்தொன்பது நிமிஷம். சாயங்காலம் மறுபடியும் நடந்தோம். பதினாறு. துணியைக் குறைத்தேன், ரொட்டியைக் குறைத்தேன், பெயிண்டரின் ஒரு செட்டை எடுத்தேன். பதினாலு. அதற்குக் கீழே வரவே இல்லை.

"புள்ளத்தாய்ச்சியாட்டம் மூச்சு வாங்கறா. நிறுத்துங்க உங்க பார்சல் ஆபீஸ." என்றாள் என் வீட்டுக்காரி.

"அங்க போய்த் திணறறதுக்கு இங்கயே திணறட்டும்."

"புள்ளைங்க என்ன பீரோவா? பெத்து வளத்திருந்தா தெரியும்."

எங்களுக்குக் குழந்தை இல்லை. அவள் அதை என்னைச் சொன்னாளா, தன்னைச் சொன்னாளா தெரியாது.

வியாழக்கிழமை காலையில் அது நடந்தது. நான் கையில் கடிகாரத்தோடு வாசலில் நிற்கிறேன். அவள் விளக்குக் கம்பத்தைச் சுற்றித் திரும்பிவிட்டாள். முகத்தில் வேர்வை, பார்வை முழுக்கப் பெருசின் தலைமேல். விறுவிறுவென்று வருகிறாள். பையின் பக்கத்தில் வளையம் மட்டும் ஆடிக்கொண்டு வருகிறது. தத்தக்கா கம்பத்தடியிலேயே நின்று தேங்கிய தண்ணீரில் காலை அடித்துக்கொண்டிருந்தாள். முனை திரும்பிய சரக்கு வேன் போட்ட பிரேக்கில் தெருவே வெளியே வந்தது. வேனுக்கும் பிள்ளைக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை.

ஒன்றும் ஆகவில்லை. டிரைவர் இறங்கி, பெற்றவளை வாய்க்கு வந்தபடி திட்டினான். நாற்பது அடி நடந்து வந்திருக்கிறாள், பிள்ளை கூட இல்லை என்பது தெரியாமல். அதைத்தான் அவள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"தெரியலண்ணே. சுத்தமா தெரியல. பின்னாடியே வர்றான்னுதான் நினைச்சேன்."

அன்று மத்தியானம் அவள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. என் வீட்டுக்காரி கஞ்சி கொண்டுபோய் வைத்தாள். தத்தக்கா அதைத் தானே குடித்து, பாதியை மேலே ஊற்றிக்கொண்டாள். எங்கள் மூன்று பேருக்கும் நடுவில்தான் பேச்சு நடந்தது.

"பால் குடிக்கறதுங்களை விட முடியாது அக்கா. புட்டிய வச்சா ரெண்டும் துப்புது."

"அதுங்களை யாரு விடச் சொன்னா?"

"அப்ப இவளைத்தானே சொல்றீங்க."

என் வீட்டுக்காரி தத்தக்காவின் மோவாயைத் துடைத்தாள். நான்தான் சொன்னேன்.

"இங்க நாங்க பாத்துக்கறோம்மா. தெரிஞ்ச வீடு, தெரிஞ்ச மூஞ்சி. அவன் எழுந்து உக்காந்ததும் வந்து கூட்டிட்டுப் போ."

"எத்தனை மாசம்னு டாக்டரே சொல்லலையேண்ணே. இவ என்னைய மறந்துடுவாளே."

"ரெண்டரை வயசுப் புள்ள. மறந்தா சீக்கிரம் ஞாபகமும் வந்துரும்" என்றேன். இதைவிட முட்டாள்தனமாக நான் எதுவும் பேசியதில்லை.

அவள் எழுந்து, பையைத் திறந்து, மூன்று கவுனையும் செருப்பையும் கிழிந்த துண்டையும் வெளியே எடுத்து வைத்தாள். நான் ஆபீஸிலிருந்து கொண்டுவந்திருந்த கொக்கித் தராசில், பழக்கதோஷத்தில், அதை ஒரு கவரில் போட்டு மாட்டினேன். முக்கால் கிலோ இருந்தது.

"அவ்வளவுதானாண்ணே அவ?" என்றாள்.

தராசை அப்புறம் எங்கே வைத்தேன் என்று எனக்கு ஞாபகமில்லை.

சாயங்காலம் அவள் பையன்களோடு மட்டும் நடந்தாள். எட்டு நிமிஷம். நான் "எட்டு" என்றேன். யாருக்கும் அதில் சந்தோஷப்படத் தெரியவில்லை.

அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் சனிக்கிழமை அவள் கிளம்பும்போது தத்தக்கா காலைக் கட்டிக்கொண்டு கதறினால் தாய் வண்டி ஏறமாட்டாள் என்று எனக்குப் பயமாக இருந்தது. சரக்கை மட்டுமல்ல, வைக்கிற இடத்தையும் பழக்க வேண்டும் என்று எனக்கு ஒரு கெட்டிக்காரத்தனம் தோன்றியது.

"இன்னும் ஒரு நாள் முழுசா இருக்கு. நீ இவளை விட்டுட்டுப் போயிட்டு வர்றதைப் பழக்கிடுவோம். முதல்ல கம்பம் வரைக்கும். அப்புறம் பஸ் ஸ்டாப். அப்புறம் ஒரு மணி நேரம். போனா வந்துருவேன்னு புள்ளைக்குத் தெரிஞ்சுட்டா அழமாட்டா."

அது கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. என் வீட்டுக்காரியே சரியென்றாள். அவள்தான் கிண்ணத்தையும் கொண்டுவந்தாள். ஒரு சின்ன அலுமினியக் கிண்ணம். உரித்த பூண்டு கைக்கு எரியும் என்பதால் தத்தக்காவின் விரலில் எண்ணெய் தடவிவிட்டு, முறத்திலிருந்து ஒவ்வொரு பல்லாக எடுத்துக் கிண்ணத்தில் போடச் சொன்னாள்.

"இந்தக் கிண்ணம் ரொம்பினதும் அம்மா வந்துரும், என்ன?"

வெள்ளிக்கிழமை காலையில் முதல் தடவை தத்தக்கா அழுதாள். கிண்ணம் நிறைவதற்குள் மூக்கு ஒழுகிப் பூண்டெல்லாம் ஈரம். நிறைந்ததும் அம்மா வந்தாள். இரண்டாவது தடவை சிணுங்கல் மட்டும். பஸ் ஸ்டாப் தடவையில் ஒரு சிக்கல்: நேரம் முன்பின்னாகக் கூடாது. அதற்கும் நான் வழி கண்டுபிடித்தேன். மொட்டைமாடியில் போய் நின்றுகொண்டேன். அவள் பையன்களோடு முனைக் கடைக்குப் பின்னால் மறைவாக நிற்பாள். கிண்ணம் நிறைந்ததும் வீட்டுக்காரி கீழேயிருந்து இருமுவாள். நான் மேலிருந்து துண்டை வீசுவேன். அவள் கடைக்குப் பின்னாலிருந்து வெளிப்படுவாள். மாடியிலிருந்து எனக்கு இரண்டு பேரும் தெரிந்தார்கள். மகள் படியில் உட்கார்ந்து பூண்டு பொறுக்கிக்கொண்டிருந்தாள். தாய் சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றுகொண்டிருந்தாள்.

ஐந்து தடவை போனாள், ஐந்து தடவையும் வந்தாள். கிண்ணம் ஒரு தடவைகூடப் பொய் சொல்லவில்லை. சாயங்காலம் கடைசித் தடவை தத்தக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "போம்மா, போயிட்டு வா" என்று பெரிய மனுஷி மாதிரி சொன்னாள். தெருவில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் என் மீசையைத் தடவிக்கொண்டேன்.

சனிக்கிழமை நன்றாக வெயில் அடித்தது. ஒரு வாரமாகக் காயாத துணியெல்லாம் ஒரு மணி நேரத்தில் காய்ந்தது. காலையில் அவள் தத்தக்காவைக் குளிப்பாட்டினாள், தலை வாரினாள், நகம் வெட்டினாள். வெட்டிய பிறகும் விரலை விடாமல் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பையிலிருந்த நாடா வளையத்தை நான் பிரித்துவிடலாம் என்று கத்தியை எடுத்தபோது, "இருக்கட்டும்ணே" என்றாள்.

ஆட்டோ வந்தது. சிறுசை மார்போடு கட்டிக்கொண்டாள். பெருசு இடுப்பில். என் வீட்டுக்காரி படியில் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். தத்தக்கா தானாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்து, எண்ணெய்க்காக விரலை நீட்டினாள். பிறகு கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அம்மா போறேன்டி தங்கம்."

"ம்" என்றாள் தத்தக்கா. ஒரு பல் பூண்டு எடுத்துக் கிண்ணத்தில் போட்டாள்.

"அம்மாவ ஒரு தடவை பாருடி."

நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். "போயிட்டு வா. நான் ரொப்பறேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் வீட்டுக்காரிக்கும் உறைத்திருக்க வேண்டும். முறத்தில் அவள் கை அப்படியே நின்றுவிட்டது. பெற்றவளுக்கு எல்லாருக்கும் முன்பே தெரிந்திருந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். ஒரு பிள்ளை கதறியிருந்தால் அந்தத் தாய்க்கு ஒரு தடவை தூக்கி அணைத்து, சமாதானம் சொல்லி, சேர்ந்து அழுதுவிட்டுப் போக வழி இருந்திருக்கும். அதையும் நான் பிடுங்கிக்கொண்டேன்.

ஸ்டேஷனில் வண்டி ஏற்றி, இடம் பார்த்து, எதிர் சீட்டில் இருந்த ஒரு நர்ஸ் பெண்ணிடம் "கொஞ்சம் பாத்துக்கம்மா" என்று சொல்லி இறங்கினேன். ஜன்னல் வழியாக அவள் என்னைப் பார்க்கவில்லை. பெருசு மட்டும் பையின் வளையத்தைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்குத் திரும்பும்போது மணி பன்னிரண்டரை. போன் அடித்தது. வண்டிச் சத்தத்தில் அவள் குரல் விட்டு விட்டு வந்தது.

"அழுதாளாண்ணே?"

படியைப் பார்த்தேன். "இல்லம்மா. அழல."

"ஒரு சொட்டுகூட அழலயா?"

"இல்லம்மா. உங்க அக்காகூட உக்காந்து விளையாடறா."

"சரிண்ணே" என்று வைத்துவிட்டாள்.

நான் அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரத்துக்கு மேலாகத் தத்தக்கா பூண்டு போட்டுக்கொண்டிருக்கிறாள். கிண்ணம் நிறைந்து கூம்பாக நிற்க வேண்டும். பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் இருந்தது. எனக்குப் புரியவில்லை. தெருவில் ஒரு நாய் குரைத்தது. தத்தக்கா தலையைத் திருப்பினாள். என் வீட்டுக்காரி சட்டென்று கிண்ணத்தில் கையை விட்டு ஒரு பிடி பூண்டை அள்ளித் தன் மடிக்குள் போட்டுக்கொண்டாள். என்னைப் பார்க்கவில்லை. மடி கனத்துத் தொங்கியது.

"பெரிம்மா, ரொம்பலயே" என்றாள் தத்தக்கா, கிண்ணத்தைப் பார்த்து.

"ரொம்பும் கண்ணு. போடு."

அவள் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. இன்னும் வேகமாகப் போட ஆரம்பித்தாள். இரண்டு கையாலும், பல் பல்லாக, நாக்கைத் துருத்திக்கொண்டு. வெயில் படியை விட்டு இறங்கியது. ஓட்டல்காரன் வந்து பூண்டு கேட்டான். இன்னும் ஆகவில்லை என்று வீட்டுக்காரி அனுப்பிவிட்டாள். கிண்ணம் விளிம்புக்கு ஒரு விரற்கடை கீழே வரைக்கும் வரும், இறங்கும். மறுபடியும் வரும்.

மாலையில் என் வீட்டுக்காரிக்கு இழுப்பு வந்துவிட்டது. மருந்தை எடுக்க எழுந்தவள், மடியைக் கையால் தாங்கிக்கொண்டு, வாசற்காலைப் பிடித்து ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு என்னைப் பார்த்துக் கிண்ணத்தைக் கண்ணால் காட்டிவிட்டு உள்ளே போனாள்.

கிண்ணத்தில் இன்னும் நாலைந்து பல்லுக்குத்தான் இடம் இருந்தது. தத்தக்கா ஒன்றைப் போட்டாள். இன்னொன்றைப் போட்டாள். தெருமுனையில் ஒரு ஆட்டோ திரும்பியது. அவள் முகம் மலர்ந்து, எழுந்து நின்று, எட்டிப் பார்த்தாள்.

நான் கிண்ணத்துக்குள் கையை விட்டேன்.